கர்னல் ரெட்லும் ஒரு பேரரசின் மானமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதரின் பெயர் ஆல்ஃபிரட் ரெட்ல். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ராணுவத்தில் கர்னலாக இருந்தவர். பகை நாட்டு ஒற்றர்களைக் கண்டுபிடித்துக் கூண்டில் ஏற்றுவதுதான் பல ஆண்டுகள் அவருக்கு வேலை. அந்த வேலையில் அவருக்கு நிகரானவர் அந்தப் பேரரசிலேயே இல்லை என்று பெயர் வாங்கியவர். அதே ஆண்டுகளில், அதே மேசையில் அமர்ந்துகொண்டு, தம் நாட்டின் போர் ரகசியங்களை ரஷ்யாவுக்கு விற்றவரும் அவர்தான்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒரே வரியில் இந்தக் கதையை முடித்துவிடலாம். எனக்கு அதில் மனம் இல்லை. வேலி மேய்ந்தது ஒரு பங்குதான். மேய்ந்தது தெரியவந்த அந்த ராத்திரியில் தோட்டத்துச் சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? அதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி. ஒரு மனிதனின் துரோகத்தைவிட, அந்தத் துரோகத்தை ஒரு பேரரசு கையாண்ட விதம்தான் என்னைப் பல வருடங்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்தப் பேரரசைச் சற்றுப் பார்ப்போம். வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் குலத்துச் சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசஃப். 1848-இல், பதினெட்டு வயதில் அரியணை ஏறியவர். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த 1913-இல் அவருக்கு வயது 82. அவருடைய ஆட்சியில் ஜெர்மன் பேசுகிறவர்கள், ஹங்கேரியர்கள், செக்குகள், போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், ருமேனியர்கள், குரோவாஷியர்கள், செர்பியர்கள், ஸ்லோவேனியர்கள், இத்தாலியர்கள் என்று எத்தனையோ மக்கள். ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் புரியாது. ஒருவர் விரும்புவதை அடுத்தவர் வெறுப்பார். இத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் கட்டி வைத்திருந்தது எது? மொழியா? இல்லை. மதமா? அதுவும் இல்லை. சக்கரவர்த்தி என்ற ஒரு மனிதரும், அவருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்ட ராணுவமும்தான். அந்த ராணுவத்தின் அதிகாரிக்கு மானம்தான் மூச்சு. அந்த மானத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் பேரரசுக்கே கீறல் விழுந்ததாக அங்கே நினைத்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ரெட்ல் பிறந்தது 1864-இல், லெம்பெர்க் நகரத்தில். இன்று உக்ரைன் நாட்டில் லிவிவ் என்று வழங்கும் ஊர். அன்று அது கலீசியா மாகாணத்தின் தலைநகரம். ரஷ்ய எல்லைக்குப் பக்கம். தந்தை ரயில்வே உத்தியோகஸ்தர். பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. பிரபுக் குலத்துப் பெயர் இல்லை, நிலபுலன் இல்லை, கை தூக்கிவிட மாமன் மச்சான் இல்லை. இப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கு அன்றைய ஆஸ்திரியாவில் மேலே ஏறிப்போக இருந்த ஒரே படிக்கட்டு ராணுவம். பையன் கெட்டிக்காரன். ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான், தேறினான், வியன்னாவின் போர்க் கல்லூரிக்குள்ளும் நுழைந்தான். பரம்பரைப் பணக்காரர்களின் பிள்ளைகள் நிறைந்த இடத்தில், ரயில்வேக்காரர் மகன் தன் மூளையை மட்டும் நம்பி இடம் பிடித்தான் என்றால் அது சாதாரண விஷயம் அல்ல. இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். பின்னால் அவர் செய்த குற்றத்துக்காக முன்னால் அவர் பட்ட பாட்டை மறைக்க வேண்டியதில்லை.

கலீசியாவில் வளர்ந்ததால் ஸ்லாவ் மொழிகள் அவர் காதுக்குப் பழக்கமானவை. ராணுவம் அவரை ரஷ்யாவின் கஸான் நகரத்துக்கு அனுப்பி ரஷ்ய மொழி படிக்க வைத்தது. திரும்பி வந்ததும், 1900-இல், ராணுவ உளவுத் துறையில் ரஷ்யப் பிரிவில் வேலை. அந்தத் துறைக்கு 'எவிடென்ஸ்பூரோ' என்று பெயர். 1850-இல் தொடங்கிய அமைப்பு. உலகில் நிரந்தரமாக அமைந்த ராணுவ உளவு அலுவலகங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பெயர் பெரிது, ஆள்பலம் சிறிது. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள். ரஷ்யா செலவிட்டதோடு ஒப்பிட்டால் அற்பமான பணம். இப்படிப்பட்ட இடத்தில் சுறுசுறுப்பான ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாளில் அந்த இடமே அவர் கைக்குள் வந்துவிடும். வந்தது.

வெளிநாட்டில் உளவறிவது ஒரு வேலை. உள்நாட்டில் நுழைந்த பகை ஒற்றனைப் பிடிப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையைத்தான் எதிர் உளவு என்கிறோம். அந்தப் பிரிவை ரெட்ல் நவீனமாக்கினார். அவருடைய விசாரணை அறையைப் பற்றி எழுதியவர்கள் அதை ஒரு மந்திரவாதியின் அறை போல விவரிக்கிறார்கள். வந்தவரை அவர் அறியாமலேயே படம் பிடிக்க மறைவான கேமரா. பேச்சைப் பதிவுசெய்ய ஒலிப்பதிவுக் கருவி. விருந்தாளிக்கு நீட்டும் சிகரெட் பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத பொடி. தொட்டவுடன் விரல் ரேகை பதிந்துவிடும். சந்தேகப்பட்டவர்களின் படமும் ரேகையும் குறிப்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. கைரேகைக் கலை அப்போதுதான் ஐரோப்பியக் காவல் துறைகளில் பரவிக்கொண்டிருந்தது. அதை ஒற்றர் வேட்டைக்குப் பயன்படுத்தத் தெரிந்தவர் ரெட்ல்.

நீதிமன்றத்திலும் அவருக்கு மரியாதை. ஒற்றர் வழக்கு என்றால் ராணுவத் தரப்பு நிபுணராக வந்து நிற்பவர் அவர்தான். லெம்பெர்க்கில் ராணுவ நீதித் துறையில் இருந்த ஹெகைலோ என்ற லெப்டினன்ட் கர்னல் ரஷ்யாவுக்குத் தகவல் விற்றவர். தப்பித்து பிரேசில் வரைக்கும் ஓடினார். அங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வழக்கில் நிபுணராக இருந்து பெயர் வாங்கியவர் ரெட்ல். நாட்டை விற்றவனைக் கூண்டில் நிறுத்தி, இவன் விற்ற காகிதத்தின் மதிப்பு இவ்வளவு என்று நீதிபதிக்கு விளக்கிச் சொன்ன வாய் அது.

அவரே எப்போது விற்கத் தொடங்கினார்? ஏன் தொடங்கினார்?

இங்கே இரண்டு கட்சி உண்டு. பழைய கட்சி சொல்வது இது: ரெட்ல் ஆண்களை நேசித்தவர், அன்றைய ஆஸ்திரியச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம், அதிகாரிக்கோ பதவியும் மானமும் ஒரே நாளில் போய்விடும், ரஷ்யர்கள் இதை மோப்பம் பிடித்து மிரட்டினார்கள், அவர் பணிந்தார். பிற்கால ஆய்வாளர்கள், குறிப்பாக ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து காகிதம் காகிதமாகப் புரட்டியவர்கள், இந்த மிரட்டல் கதையை ஏற்கத் தயங்குகிறார்கள். அவர்கள் காட்டுவது பணத்தை. ஆடம்பர வீடு, விலை உயர்ந்த டைம்லர் மோட்டார் கார், நல்ல குதிரைகள், தம் அன்புக்குரிய இளம் அதிகாரிக்குக் கணக்கில்லாத செலவு. கர்னல் சம்பளத்தில் இது நடக்காது.

என் கருத்தைக் கேட்டால், நான் பணத்தின் பக்கம்தான் நிற்பேன். மிரட்டலுக்கு அடிபணிந்தவன் அஞ்சி அஞ்சி வாழ்வான். கார் வாங்கி ஊர்வலம் வர மாட்டான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் யாரை நேசித்தார் என்பதை அவருடைய குற்றத்துக்குக் காரணமாக்கியது அந்தக் காலத்துப் பத்திரிகைகளின் வேலை. அவர் குற்றம் நாட்டை விற்றது, நேசித்தது அல்ல. மறைத்து வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்திய சட்டம், எதிரிக்கு ஒரு பிடியைத் தானே கொடுத்து வைத்திருந்தது என்பதையும் நாம் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, இந்தக் காரையும் குதிரையையும் அவரைச் சுற்றியிருந்தவர்கள் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். கேட்கவில்லையா? உறவினர் சொத்து வந்தது என்று ரெட்ல் சொன்னார்; அத்தோடு விட்டுவிட்டார்கள். ஒரு காகிதத்தைக் காட்டு என்று கேட்க ஓர் ஆள் இல்லை. சந்தேகப்படுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அலுவலகத்தில், தங்கள் தலைவரைச் சந்தேகப்பட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நம் வள்ளுவர் ஒற்றாடல் என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். பொருட்பாலில் 59-ஆவது அதிகாரம். ஒற்றன் கொண்டுவந்ததை வேறோர் ஒற்றனைக் கொண்டு சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் அறியாதபடி வைத்து ஆளச் சொல்கிறார். மூன்று பேர் சொல்வது ஒத்துவந்தால்தான் தெளியச் சொல்கிறார். வியன்னாவில் என்ன நடந்தது? மூன்று பேரையும் ஒரே மனிதரின் கீழே வைத்தார்கள். ரஷ்யாவுக்குள் அனுப்பிய ஆட்களின் பெயரும் அவர் கையில்; ரஷ்யா அனுப்பிய ஆட்களைத் தேடும் பொறுப்பும் அவர் கையில். சோதிப்பவரும் அவர், சோதனைக்குரிய சரக்கும் அவர். அப்புறம் எங்கே போய்த் தெளிவது?

1912-இல் ரெட்ல் ப்ராக் நகரத்துக்கு மாற்றலானார். உளவுத் துறையில் அவருடைய மேலதிகாரியாக இருந்த ஆர்தர் கீஸ்ல் அங்கே எட்டாம் படைப்பிரிவுக்குத் தளபதி. தமக்கு ஊழியர் தலைவராக ரெட்லையே கூட்டிக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை. வியன்னாவில் ரெட்ல் விட்டுச்சென்ற எதிர் உளவு வேலையை ஏற்றவர் மாக்ஸ் ரோங்கே. ரெட்லிடமே தொழில் பழகியவர். குருவின் நாற்காலியில் சீடன்.

நண்பர்களே, இப்போது நாம் ஒரு தபால் நிலையத்துக்குள் போகிறோம். கொஞ்சம் பொறுமையாகவே போவோம். இந்த இடத்தை அவசரப்பட்டுக் கடக்கக் கூடாது.

வியன்னாவின் தலைமைத் தபால் நிலையம், ஃப்ளைஷ்மார்க்ட் பகுதி. வீட்டு விலாசம் கொடுக்க விரும்பாதவர்கள் தபால் நிலையத்தின் பெயருக்கே கடிதம் வரவழைத்து, ஜன்னலில் போய்ப் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளும் வசதி அங்கே உண்டு. 1913-இன் முற்பகுதியில் 'நிகோன் நிட்ஸெட்டாஸ்' என்ற பெயருக்கு ஒரு கடிதம் வந்து கிடந்தது. வாங்க ஆள் வரவில்லை. தவணை கழிந்ததும் அது வந்த வழியே ஜெர்மனிக்குத் திரும்பிப் போயிற்று. ரஷ்ய எல்லையை ஒட்டிய ஐட்கூனன் என்ற சின்ன ஊரில் போட்ட கடிதம் அது. அனுப்பியவர் யாரென்று தெரியாததால் பெர்லினில் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே 6000 குரோனே, நோட்டுகளாக. கூடவே, ஒற்றர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று ஏற்கெனவே தெரிந்த சில விலாசங்கள். ஜெர்மன் ராணுவ உளவுத் தலைவர் வால்டர் நிக்கோலாய் இதை நட்பு நாடான ஆஸ்திரியாவுக்குத் தெரிவித்தார்.

ரோங்கே என்ன செய்தார்? பதறவில்லை. கடிதத்தை மீண்டும் அதே ஜன்னலில் இருக்கும்படி ஏற்பாடு செய்தார். ஜன்னலில் இருக்கும் குமாஸ்தாவின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு மின்சாரப் பொத்தான். அங்கிருந்து கம்பி இழுத்து, பக்கத்தில் இருந்த போலீஸ் அறையில் ஒரு மணி. யாராவது வந்து அந்தப் பெயரைச் சொன்னால் குமாஸ்தா பொத்தானை அழுத்த வேண்டும். துப்பறிவாளர்கள் ஓடிவர வேண்டும். அவ்வளவுதான் பொறி. நாள் போயிற்று. வாரம் போயிற்று. அதே பெயருக்கு மேலும் கடிதம் வந்து சேர்ந்தது. ஆள் மட்டும் வரவில்லை. மணி அடிக்கவே இல்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அடிக்காத மணியைப் பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினமான உத்தியோகம்! உளவு வேலை என்றால் சினிமாவில் வருகிற துரத்தலும் துப்பாக்கியும் நம் நினைவுக்கு வரும். அந்த வேலையின் பெரும்பகுதி இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

1913 மே 24, சனிக்கிழமை. மாலை நேரம், ஜன்னல் மூடப்போகும் தறுவாய். மணி அடித்தது.

துப்பறிவாளர்கள் ஓடினார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் ஆள் கடிதங்களை வாங்கிக்கொண்டு வெளியேறிவிட்டார். தெருவில் ஒரு வாடகைக் கார் திரும்பி மறைவதைத்தான் பார்க்க முடிந்தது. இத்தனை வாரக் காத்திருப்பும் வீண் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் காரின் அடையாளம் மனத்தில் நின்றது. சிறிது நேரத்தில் அதே காரைப் பிடித்துவிட்டார்கள். ஓட்டுநர் சவாரியை இறக்கிவிட்ட இடத்தைச் சொன்னார். காரின் இருக்கையில் ஒரு பொருள் கிடந்தது: பேனாக்கத்தி வைக்கும் சிறிய தோல் உறை. கடித உறையைக் கத்தியால் பிரித்தவர், உறையை மறந்து போயிருக்கிறார்.

விசாரித்துக்கொண்டே போனால், வழி ஹெர்ரன்காஸே வீதியில் கிளோம்ஸர் ஹோட்டலில் வந்து முடிகிறது. வாயிலில் இருந்த ஊழியரிடம் தோல் உறையைக் கொடுத்து, இதைத் தொலைத்தவர் யார் என்று தங்கியிருப்பவர்களைக் கேட்கச் சொன்னார்கள். மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஊழியர் கேட்டார். ஆம், என்னுடையதுதான் என்று அவர் வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர் கர்னல் ஆல்ஃபிரட் ரெட்ல்.

துப்பறிவாளர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர் சொல்லிக்கொடுத்த முறைகளை வைத்துத்தான் அந்தத் துறையே நடந்துகொண்டிருந்தது. ரோங்கேக்குச் செய்தி போனபோது அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! தபால் ஜன்னலில் எழுதிக்கொடுத்த சீட்டின் கையெழுத்தை, அலுவலகத்தில் இருந்த ரெட்லின் கையெழுத்தோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போயிற்று. கடிதங்களை வாங்கியவர் ரெட்ல்தான்.

இனி வருவதுதான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது.

அன்று இரவு ரெட்ல் ஒரு நண்பரோடு உணவகத்தில் சாப்பிட்டார். நண்பர் விக்டர் போலாக். அரசுத் தரப்பு வழக்கறிஞர். ஒற்றர் வழக்குகளில் ரெட்லோடு சேர்ந்து வேலை செய்தவர். ரெட்ல் நிலைகுலைந்து இருந்தார். தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவும் ப்ராகுக்குப் போக உதவ வேண்டும் என்றும் பேசினார். அதே நேரத்தில் நகரத்தின் இன்னொரு மூலையில், கிராண்ட் ஹோட்டலில், படைத் தலைமை ஊழியர் தலைவர் கொன்ராட் ஃபொன் ஹெட்ஸெண்டோர்ஃப் உணவருந்திக்கொண்டிருந்தார். உளவுத் துறைத் தலைவர் உர்பான்ஸ்கி அங்கே போய் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்.

இந்த இடத்தில் அந்தப் பேரரசுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று: ரெட்லைக் கைது செய்வது. எத்தனை வருடமாக விற்றாய், எதை எதை விற்றாய், யாரிடம் கொடுத்தாய், உனக்குத் துணை யார், எந்தக் கோட்டையின் வரைபடம் போயிற்று, எந்தப் படைநகர்வுத் திட்டம் போயிற்று என்று நாள்கணக்கில், வாரக்கணக்கில் உட்கார வைத்துக் கேட்பது. இந்த வழியில் போனால் நாடு முழுக்கத் தெரியும், பகைவனுக்கும் தெரியும், தலை குனிய வேண்டும். ஆனால் உண்மை கையில் கிடைக்கும். மற்றொன்று: சத்தமில்லாமல் ஆளை முடித்துவிடுவது. மானம் தப்பும். உண்மை போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுத்தார்கள்?

நடுநிசிக்கு நான்கு அதிகாரிகள் கிளோம்ஸர் ஹோட்டலின் படியேறினார்கள். அவர்களில் உர்பான்ஸ்கியும் உண்டு, ரோங்கேயும் உண்டு. ரெட்ல் எழுந்து நின்றார். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதிகம் பேசவில்லை. வேண்டியதெல்லாம் ப்ராகில் என் வீட்டில் கிடைக்கும் என்றார். ஒரு பேரரசின் படை ரகசியங்கள் அத்தனையும் யாரிடம் போயின என்று அறிந்த ஒரே மனிதர் அந்த அறையில் இருந்தார். அவரைக் கேட்டது சில நிமிடம். பிறகு ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கி அவருக்குக் கிடைக்கும்படி செய்துவிட்டு வெளியே வந்து, வீதியில் காத்து நின்றார்கள். மே 25, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரெட்லுக்கு வயது 49.

சிந்தித்துப் பாருங்கள், நண்பர்களே. கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த அதே அலுவலகம், ஆள் கையில் கிடைத்ததும் ஒரு ராத்திரிகூடப் பொறுக்கவில்லை. அந்தப் பொறுமை எங்கே போயிற்று? ஒற்றனைப் பிடிக்கும் தொழிலுக்கே அடிப்படையான ஒன்று உண்டு: பிடிபட்டவன் உயிரோடு இருக்க வேண்டும், பேச வேண்டும். இதை ரோங்கே அறியாதவரா? ரெட்லே கற்றுக்கொடுத்த பாடம் அல்லவா அது? தெரிந்தும் ஏன் செய்தார்கள் என்றால், அங்கே அன்று முடிவெடுத்தது உளவுத் துறையின் அறிவு அல்ல, அதிகாரிகளின் மானம். மானம் கெட்ட அதிகாரிக்குத் துப்பாக்கிதான் வழி என்பது அந்த ராணுவத்தின் எழுதாத சட்டம். சக்கரவர்த்தியின் காதுக்குச் செய்தி போகும்போது, கதை முடிந்துவிட்டது என்ற வரியும் சேர்ந்தே போக வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள்.

பத்திரிகைகளுக்கு என்ன சொன்னார்கள்? திறமைமிக்க அதிகாரி, தூக்கமின்மையாலும் நரம்புத் தளர்ச்சியாலும் தற்கொலை செய்துகொண்டார் என்று சொன்னார்கள். மதிப்பான இரங்கல் குறிப்புகள்கூட வந்தன. ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யவும் பேச்சு இருந்தது.

மூடி வைத்தார்கள். எத்தனை நாள் மூட முடிந்தது? சில நாள்கூட இல்லை. ப்ராகில் எகோன் எர்வின் கிஷ் என்று ஒரு பத்திரிகையாளர். பின்னாளில் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றவர். அவர் ஒரு கால்பந்து அணியிலும் தொடர்புடையவர். அவருடைய அணியின் ஆட்டக்காரர் ஒருவர் பூட்டு வேலை செய்கிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் கேட்டால், யாரோ ஓர் அதிகாரியின் வீட்டைத் திறக்க ராணுவத்தார் கூட்டிப்போனார்கள், உள்ளே ரஷ்யக் காகிதங்களும் படங்களும் இருந்தன என்று சொல்லியிருக்கிறார். கிஷ் புரிந்துகொண்டார். தணிக்கைக்குத் தப்ப, செய்தியை மறுப்பு போலவே எழுதினார்: கர்னல் ரெட்ல் ரஷ்யாவுக்காக உளவு பார்த்தார் என்று உலவும் வதந்தி உண்மையல்ல என்று மேலிடம் மறுக்கச் சொல்வதாக. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பூட்டுக்காரர் கதையைப் பின்னாளில் சொன்னவர் கிஷ்தான். அவர் தம் பங்கைப் பெரிதாக்கிச் சொல்லியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படி வெளிவந்தாலும் உண்மை வெளிவந்துவிட்டது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அரசு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. காப்பாற்றப் பார்த்த மானமும் போயிற்று, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மையும் போயிற்று.

பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கொதித்துப் போனார். கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறியவர் அவர். ஒரு கிறிஸ்தவனைத் தற்கொலைக்குத் தள்ளியது பாவம் என்று சினந்தார். விசாரிக்காமல் விட்டதற்கும் சினந்தார். அவருடைய கோபம் நியாயமானது என்றே நான் சொல்வேன். அடுத்த ஆண்டு சாராயேவோவில் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். உலகப் போர் மூண்டது.

போரில் ஆஸ்திரியா பட்ட அடி உங்களுக்குத் தெரியும். 1914 செப்டம்பர் தொடக்கத்தில் லெம்பெர்க் ரஷ்யர் கையில் விழுந்தது. கலீசியாப் போர்க்களத்தில் சில வாரங்களில் லட்சக்கணக்கில் வீரர்கள் மாண்டும் காயம்பட்டும் சிறைப்பட்டும் போனார்கள். சின்னஞ்சிறு செர்பியா அந்த ஆண்டு டிசம்பரில் பேரரசின் படையை எல்லைக்கு வெளியே துரத்தியது. 1915 மார்ச்சில் ப்ஷெமிஷ்ல் கோட்டை சரணடைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள்.

இதெல்லாம் ரெட்லால் வந்ததா? போர் முடிந்தபின் பல தளபதிகள் அப்படித்தான் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. துரோகம் தெரியவந்தபின் போர் தொடங்கும்வரை பதினான்கு மாதம் இருந்தது. திட்டங்களை மாற்ற அவகாசம் இருந்தது. படைகளை எந்த முனைக்கு அனுப்புவது என்று கொன்ராட் கடைசி நேரத்தில் தடுமாறி, ரயில்களில் படைகள் அங்குமிங்கும் அலைந்தது ரெட்ல் செய்த வேலை அல்ல. செர்பியாவில் நடந்த தோல்விக்குத் தளபதி போட்டியோரெக்கின் திறமைக்குறைவே போதும். செத்தவன் திரும்பிப் பேச மாட்டான். அதனால் பழி சுமத்த அவன் வசதியான ஆள். ரெட்ல் செய்த கேடு பெரிது. மற்றவர்கள் செய்த கேட்டையும் அவர் கல்லறையில் சேர்த்துப் புதைப்பது அறம் ஆகாது.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. ரெட்ல் எதை விற்றார் என்ற முழுக் கணக்கு அவர்களிடம் இருந்திருந்தால், எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ரஷ்யாவுக்குள் இருக்கும் நம் ஆட்களில் யார் பிடிபட்டிருப்பார்கள் என்று தெளிவாக முடிவெடுத்திருக்கலாம். ப்ராக் வீட்டில் கிடைத்த காகிதங்கள் ஒரு பகுதியைத்தான் சொல்லும். மீதியைச் சொல்லும் வாயை, ஹெர்ரன்காஸே வீதியில் நின்றுகொண்டு, அவர்களே மூடிவிட்டார்கள்.

இந்த மனிதரைப் பற்றி நாடகம் வந்தது. 1985-இல் ஹங்கேரி இயக்குநர் இஷ்த்வான் ஸாபோ எடுத்த 'கர்னல் ரெட்ல்' திரைப்படம் வந்தது. எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வெய்க் தம் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். இளைஞர்கள் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும், பார்க்க வேண்டும். ஆனால் கதையின் கவர்ச்சியில் மயங்கி, அந்த நான்கு அதிகாரிகளையும் மறந்துவிடாதீர்கள். மாக்ஸ் ரோங்கே போரின் கடைசி ஆண்டுகளில் அந்த உளவுத் துறைக்கே தலைவரானார். அத்துறையின் கடைசித் தலைவர் அவர்தான். 1918 நவம்பரில் பேரரசு இல்லாமல் போனபோது காவல் காக்க எதுவும் மிஞ்சவில்லை.

என் தீர்ப்பைச் சொல்லி முடிக்கிறேன். ரெட்ல் துரோகி, அதில் எனக்கு ஐயம் இல்லை. அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனையோ ஒற்றர்களை அவர் ஏற்றிய அதே கூண்டில் அவரையும் ஏற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால்தான் நூறு ஆண்டு கடந்த பின்னும், அவர் எந்த ஆண்டு விற்கத் தொடங்கினார் என்பதில்கூட வரலாற்று அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.